செருப்புக் கழற்றும் அக்கா

என் கடை வாசலில் யாராவது செருப்பைக் கழற்றினால் எனக்கு எரிச்சல் வரும். தூத்துக்குடி பீச் ரோட்டுக்குப் பக்கத்துத் தெருவில் செல்போன் ரீசார்ஜும் விமான டிக்கெட்டும் போட்டுக் கொடுக்கிற சின்னக் கடை என்னுடையது. கண்ணாடிக் கதவு வைத்து, ஏ.சி. மாட்டி, தரைக்கு வெள்ளை டைல்ஸ் ஒட்டியதுதான் நான் செய்த வினை. மீன் கம்பெனிக்குப் போகிற பெண்கள், உப்பளத்து ஆட்கள், மகனுக்குத் துபாய் டிக்கெட் எடுக்க வருகிற அப்பாமார், எல்லோரும் கதவைத் தள்ளுவதற்கு முன்னால் குனிந்து தங்கள் காலைப் பார்க்கிறார்கள். "செருப்போடயே வாங்க" என்று உள்ளிருந்து கத்துவேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அது கேட்காது. ஒரு அட்டையில் எழுதி ஒட்டினேன். அதைப் படிப்பதற்கே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் கிட்டே வருகிறார்கள்.

அவர்கள் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. ஒவ்வொரு தடவையும் அக்காவின் ஞாபகம் வந்துவிடுகிறது, அதுதான் தொல்லை. அவளை நினைத்துவிட்டால் அன்றைக்கு எனக்கு வேலை ஓடாது.

நான் அக்கா என்று கூப்பிட்டவளுக்கு நல்ல பேர் ஒன்று உண்டு. அதை இங்கே எழுதப்போவதில்லை. வெளிநாட்டில் அவள் வீட்டோடு தங்கிப் பார்த்துக்கொண்டிருந்த கிழவி இறந்துபோனதாகக் கேள்விப்பட்டேன். அதற்குப் பிறகு அவள் நம்பருக்கு மணி போவதில்லை. வேறு ஊரில் வேறு வீட்டில் வேலைக்குச் சேர்ந்திருக்கலாம். விசா, கார்டு என்று ஆயிரம் இருக்கும். பேரைப் போட்டு அவளுக்கு ஒரு சங்கடம் வரவேண்டாம்.

சைப்ரஸ் என்கிற தீவில்தான் அவளைத் தெரியும். எங்கள் காயல்பட்டினத்தில் வீட்டுக்கு ஒருத்தர் வெளிநாட்டில் இருப்பார். எல்லோருக்கும் வளைகுடா வாய்த்தது, எனக்கு வாய்த்தது சைப்ரஸ். நடுவில் கோடு கிழித்த தீவு அது. தெற்கே கிரேக்கம் பேசுகிறவர்கள், வடக்கே துருக்கி பேசுகிறவர்கள். தலைநகரம் நிகோசியாவில் அந்தக் கோடு கடைத்தெரு நடுவிலேயே போகிறது. இந்தப் பக்கம் ஒரு ஐஸ்கிரீம் கடை, கொஞ்சம் தள்ளி ஒரு போலீஸ் கூண்டு, அதற்கப்பால் வேறு கொடி. நான் தெற்குப் பக்கத்தில், வீட்டு வேலைக்கு வந்திருக்கும் ஆசியப் பெண்கள் சாமான் வாங்குகிற ஒரு பலசரக்குக் கடையில் நின்றேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவர்களுக்கு லீவு. அன்றைக்குக் கடையில் மூச்சுவிட இடம் இருக்காது.

அக்காவை முதலில் பார்த்தது நல்ல குளிர்காலத்தில். சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் ஒரு பெண் வெறுங்காலோடு நின்றாள். கால் விரல்கள் குளிரில் சுருண்டிருந்தன. செருப்பு வாங்க வழியில்லாதவள் போல என்று நினைத்தேன். அவள் அலமாரியைப் பார்த்துத் தனக்குத்தானே முணுமுணுத்தாள்.

"மாசிக்கருவாட்ட எங்கன ஒளிச்சு வச்சிருக்கானோ, சண்டாளன்."

"அந்த மூலையில இருக்கு" என்றேன்.

சட்டென்று திரும்பினாள். "ஏலே, நீ எந்த ஊரு?"

"காயல்பட்டினம்."

"நான் தூத்துக்குடி. பெறவு என்ன, பக்கத்து வீடுதான்."

செருப்பு இல்லையா என்று கேட்டேன். "வெளிய கெடக்கு" என்றாள். எட்டிப் பார்த்தேன். நடைபாதையில், போகிற வருகிற எல்லோரும் சுற்றிக்கொண்டு போகும்படியாக, ஒரு ஜோடி ரப்பர் செருப்பு ரோட்டைப் பார்த்து ஒழுங்காக நின்றது. என் முதலாளி வந்து பார்த்துவிட்டுக் குப்பை என்று அதைத் தொட்டியில் போட்டுவிட்டார். பிறகு நான்தான் தொட்டிக்குள் கையை விட்டு எடுத்துக் கொடுத்தேன். அக்கா அதைத் தண்ணீர் விட்டுக் கழுவி மாட்டிக்கொண்டு போனாள். அடுத்த வாரமும் அதே இடத்தில் அதே செருப்பு நின்றது.

எங்கே போனாலும் இதே கதைதான். டாக்டரிடம் போனால் டாக்டர் அறைக்கு வெளியே. விசா புதுப்பிக்கப் போனால் அலுவலகத்துக் கதவுக்கு வெளியே. ஒருமுறை பஸ்ஸில் ஏறும்போது படியிலேயே கழற்றப் பார்த்தாள், நான் பிடித்துத் தள்ளிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகிற கத்தோலிக்கக் கோயிலிலும் அப்படியே. வெள்ளைக்காரர்களும் பிலிப்பைன்ஸ் பெண்களும் பூட்ஸ் சத்தம் கேட்க நடந்து உள்ளே போவார்கள். வாசலில் அக்காவின் செருப்பு மட்டும் தனியாகக் கிடக்கும். முக்காடு போட்டிருப்பதும் அவள் ஒருத்திதான். கல்தரைக் குளிரில் முழந்தாள் போட்டு முழந்தாள் போட்டு ஒரு தை மாசம் முழுக்கச் சளி பிடித்துக் கிடந்தாள்.

"அங்கனதான் யாரும் கழத்தலல்லா? நீங்க மட்டும் என்னத்துக்கு அக்கா கழத்துதிய?"

"நம்ம ஊர்ல மாதா கோயிலுக்குள்ள செருப்போட போவியாலே?"

"நான் என்னத்துக்கு மாதா கோயிலுக்குப் போறேன்?"

"சரி, உங்க பள்ளிவாசலுக்குள்ள போவியா?"

அது சரிதான். ஆனால் டாக்டர் அறை பள்ளிவாசல் இல்லையே. விசா அலுவலகம் மாதா கோயில் இல்லையே. அவளுக்கு எல்லோரிடமும் பயம், அதனால்தான் இப்படிப் பணிந்து போகிறாள் என்று நானாக ஒரு முடிவுக்கு வந்தேன். அதைப் பார்க்கப் பார்க்க ஆத்திரமாக வந்தது. நாம் பிழைக்க வந்தவர்கள்தான், அதற்காக ரோட்டிலிருந்தே கும்பிட்டுக்கொண்டு போகவேண்டுமா? ஒருநாள் இதைக் கொஞ்சம் கடுமையாகவே கேட்டுவிட்டேன்.

அக்கா என்னை வினோதமாகப் பார்த்தாள். "பயமா? எவனுக்குப் பயம்? ஏலே, காலைல கடைய யாரு தொடைக்கா?"

"நான்தான்."

"நீ தொடச்ச தரைல நான் சேத்தோட நடந்தா உனக்கு எப்படி இருக்கும்? எல்லா எடத்துலயும் ஒருத்தி தொடச்சிருப்பால்லா. நான் வாழ்நாளெல்லாம் தொடைக்கேன். தொடைக்கவளுக்குத்தான் தெரியும்."

இவ்வளவுதான் விஷயம். டாக்டருக்கும் அதிகாரிக்கும் அவள் ஒரு மரியாதையும் காட்டவில்லை. அவர்கள் எழுந்து வருவதற்கு முன்னாலேயே வந்து துடைத்துவிட்டுப் போன, கண்ணால் பார்க்காத யாரோ ஒருத்திக்காகக் கழற்றினாள். எனக்கு அன்றைக்கு ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. ஆனாலும் எரிச்சல் முழுதாகப் போகவில்லை. சரியான காரணம் இருந்தாலும் எரிச்சல் எரிச்சல்தானே.

ஊரில் இருந்தபோது இறால் உரிக்கிற கம்பெனியில் வேலை பார்த்திருக்கிறாள். அங்கே ஐஸ் தண்ணீரில் நிற்கவேண்டும் என்று முழங்கால் வரைக்கும் ரப்பர் பூட்ஸ் கொடுப்பார்கள். உள்ளே மட்டும்தான் அதைப் போடவேண்டும். அக்கா முதல்நாள் அதை மாட்டிக்கொண்டு வாசல்வரைக்கும் கம்பீரமாக நடந்து வந்து, வாசலில் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு உள்ளே போய் ஐஸில் நின்றாளாம். சூப்பர்வைசர் தலையில் அடித்துக்கொண்டான். இதை அவளே சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

சிரித்துச் சொன்ன இன்னொன்று அவள் மகனைப் பற்றியது. புருஷன் கடலுக்குப் போய் வராமல் போனவன். ஒரே பையன். அவனைக் கப்பல் வேலைக்குப் பயிற்சி கொடுக்கிற இடத்தில் சேர்க்க அக்காவும் கூடப் போனாள். அங்கேயும் கண்ணாடிக் கதவு. அக்கா கழற்றிவிட்டாள். டை கட்டிய பையன்கள் எல்லாம் பார்த்தார்கள்.

"'எம்மா, மாட்டு. எல்லாரும் பாக்கான்'னு பல்லக் கடிச்சிட்டுச் சொல்லுதான். நான் மாட்டுததுக்குள்ள உள்ள கூப்பிட்டுட்டாவ. சேலைக்குள்ள கால மறச்சு வச்சிட்டு உக்காந்திருக்கேன். வீட்டுக்கு வார வழியில ஒரு வார்த்த பேசல. சாப்பிடயும் இல்ல."

அந்தப் படிப்புக்காகத்தான் அவள் சைப்ரஸ் வந்தது. அவள் வரும்போது அவனுக்கு மீசை முளைக்கவில்லை. அவன் கப்பலேறியபோது இவள் இங்கே. இவளுக்கு லீவு கிடைத்தபோது அவன் ஏதோ ஒரு கடலில். போனில் முகம் பார்ப்பார்கள். அதுவும் கப்பலில் இண்டர்நெட் விட்டால்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், நல்ல கோடை. அக்கா கையில் குப்பைப் பையோடு கடைக்கு வந்து நின்றாள். குப்பை போட வந்தவள் தொட்டியைத் தாண்டி அப்படியே நடந்து வந்திருக்கிறாள். செருப்பை மறக்காமல் வெளியே விட்டிருந்தாள். போனை என் முன்னால் நீட்டினாள். மகன் பேசி அனுப்பியிருந்தான். "எம்மா, ஞாயித்துக்கிழமை ஃபமகுஸ்தான்னு ஒரு ஊருக்கு வாரோம். மரம் எறக்கணும். மேப்ல சைப்ரஸ்னு போட்டிருக்கு. நீயும் அங்கனதான இருக்க?"

"எவ்வளவு தூரம்லே? நடந்து போயிரலாமா?"

அந்தத் துறைமுகம் வடக்குப் பக்கத்தில் இருந்தது. வடக்கு வழியாகத் தீவுக்குள் வந்தவனைத் தெற்கே விடமாட்டார்கள். ஆனால் தெற்கே தங்குவதற்குக் கார்டு வைத்திருப்பவர்கள் காலையில் எல்லைக் கோட்டைத் தாண்டிப் போய்விட்டுச் சாயங்காலம் திரும்பலாம். இதை அவளுக்கு விளக்குவதற்குள் எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது.

"தீவு ஒண்ணுதான?"

"தீவு ஒண்ணுதான். கவர்மெண்டு ரெண்டு. அவன் வரமுடியாது, நீங்கதான் போவணும்."

"அப்பம் ஞாயித்துக்கிழம நீ வா. எனக்கு இங்கிலீசு தெரியாது."

வாரம் முழுக்க நின்று நின்று கால் வீங்கியிருந்தது எனக்கு. கூட்டம் வருகிற ஞாயிற்றுக்கிழமை கடையை விட்டு வந்தால், நான் தூங்குவதற்கென்று வைத்திருக்கும் திங்கட்கிழமை லீவை முதலாளி பிடித்துக்கொள்வார். சரி என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்?

வேலை பார்க்கிற வீட்டுக் கிழவியிடம் அக்கா எப்படிக் கேட்பாள் என்பதுதான் என் கவலை. கிழவி அதே ஃபமகுஸ்தாவில் பிறந்தவள். துருக்கிப் படை இறங்கிச் சண்டை வந்தபோது அடுப்பில் வைத்ததை இறக்காமல் ஓடிவந்தவள். எல்லைக் கோட்டில் வழி திறந்துவிட்ட பிறகு அவள் சொந்தக்காரர்கள் எல்லாம் போய்ப் பழைய வீட்டைப் பார்த்துவிட்டு வந்தார்கள். அவள் மட்டும் போகவில்லை. என் வீட்டுக்குப் போக நான் எவனிடமோ பாஸ்போர்ட்டைக் காட்டுவதா என்று கேட்டவள். அக்கா தனக்குத் தெரிந்த கிரேக்கத்தில் மகன், கப்பல், ஃபமகுஸ்தா என்று மூன்று வார்த்தை சொன்னாளாம். கிழவி, "அங்கே தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காதே. சாயங்காலம் என் மாத்திரைக்கு வந்துவிடு" என்றாள்.

"வீட்டைப் பாத்துட்டு வான்னு சொல்லலையா?"

"ஒண்ணும் சொல்லல தம்பி. குசினில நான் மீன் பொரிக்கும்போது பக்கத்துல வந்து சும்மா நின்னா."

ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா ஒரு தூக்குச்சட்டி நிறையச் சோறும் மீன் குழம்பும், பொரித்த மீனும், இரண்டு பாட்டில் தண்ணீரும் சுமந்துகொண்டு வந்தாள். நல்ல சேலை கட்டியிருந்தாள். கடைத்தெரு நடுவில் தெற்குப் போலீஸ் கூண்டு. நான் கார்டை நீட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தால், அக்கா செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு நிற்கிறாள். போலீஸ்காரன் கூண்டுக்குள்ளிருந்து எட்டி அவள் காலைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"இது வாசல் இல்லக்கா. ரோடு."

"உள்ளதான போறோம்?"

அவன் கார்டைத் திருப்பிக் கொடுத்து, போ என்று கையைக் காட்டினான். அடுத்த கூண்டு கொஞ்சம் தள்ளி இருக்கிறது. நடுவில் உள்ள இடம் எந்தப் பக்கத்துக்கும் சொந்தமில்லை. இரண்டு பக்கமும் அடைத்த கட்டடங்கள், உடைந்த ஜன்னல்கள், மணல் மூட்டை, புல். தரையெல்லாம் புழுதி. அக்கா நான்கு எட்டு வைத்துவிட்டு நின்று சுற்றிலும் பார்த்தாள்.

"இங்கன யாரும் தொடைக்க மாட்டாவ போல" என்று சொல்லிச் செருப்பை மாட்டிக்கொண்டாள். வடக்குக் கூண்டு வந்ததும் மறுபடியும் கழற்றினாள்.

அங்கிருந்து மினிபஸ். எங்கள் போன் இரண்டிலும் சிக்னல் போய்விட்டது. தெற்கு சிம் வடக்கே எடுக்காது. காய்ந்த வயல்களைப் பார்த்துக்கொண்டு நான் தூங்கி வழிந்தேன். அக்கா தூக்குச்சட்டியை மடியில் வைத்துக் கெட்டியாகப் பிடித்திருந்தாள்.

ஃபமகுஸ்தாவில் பழைய ஊரைச் சுற்றிப் பெரிய கோட்டைச் சுவர் இருக்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம் துறைமுகம். கேட்டில் ஒரு காவலாளி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். வயதானவன், அவனும் வெயிலில் சோர்ந்துதான் இருந்தான். நான் கப்பலின் பேரைச் சொன்னேன். உள்ளே நிற்கிறது என்றான். அந்தக் கப்பல் ஆட்களுக்கு இன்றைக்கு வெளியே வர அனுமதித் தாள் வரவில்லை, ஏஜெண்ட் கொடுக்கவில்லை, வெளியாள் உள்ளே போகவும் முடியாது, சாயங்காலம் கப்பல் போய்விடும் என்று அரைகுறை ஆங்கிலத்தில் சொன்னான்.

நான் அதை அப்படியே அக்காவிடம் சொல்லவில்லை. "கொஞ்சம் நேரமாவும்" என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு கேட்டுக்கு முன்னால், தரையில் போட்டிருந்த மஞ்சள் கோட்டுக்கு வெளியே, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நின்றாள். தார் ரோடு, உச்சி வெயில். காவலாளிக்கு அவள் என்ன செய்கிறாள் என்று புரியவில்லை. மகனைப் பார்க்க வந்தவள் என்று நான் மறுபடியும் சொன்னேன். அவன் எழுந்து, தன் நாற்காலியைக் கொண்டுவந்து நிழலில் போட்டான். யாரிடமோ போனில் பேசிப் பார்க்கிறேன், அரைமணி கழித்து வா என்றான். மரம் ஏற்ற உள்ளே போன லாரிக்காரன் ஒருவனிடம் தூக்குச்சட்டியை வாங்கிக் கொடுத்தனுப்பினான். தூக்குச்சட்டி கேட்டைத் தாண்டி உள்ளே போவதை அக்கா கண்ணெடுக்காமல் பார்த்தாள்.

அந்த அரைமணியை எங்கே கழிப்பது? ஊருக்குள் நடந்தோம். ஒரு திருப்பத்தில் அக்கா அப்படியே நின்றுவிட்டாள். எதிரே வானத்துக்கு எழும்பிய கல் கோபுரங்கள், கூர்மையான வளைவுகள், வட்ட ஜன்னல். முன்னால் ஒரு கிழட்டு அத்தி மரம்.

"கோயில்லே. எம்மாம் பெரிய கோயிலு."

ஒரு காலத்தில் கோயில்தான். இப்போது பள்ளிவாசல். மூலையில் ஒரு சின்ன மினாரா நிற்கிறது, அவள் அதைப் பார்க்கவில்லை. நான் சொல்வதற்கு வாயெடுத்தேன். அதற்குள் அவள் வாசலுக்குப் போய்விட்டாள். வாசலில் மர அடுக்கு, அதில் வரிசையாகச் செருப்பும் ஷூவும். அவள் திரும்பி என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கமாட்டேன். அந்தத் தீவில் அவ்வளவு சந்தோஷமாக அவளை நான் பார்த்ததே இல்லை.

"பாரு, இங்கன எல்லாரும் கழத்துதாவ."

தன் செருப்பை அடுக்கில் வைத்தாள். முக்காட்டைச் சரிசெய்தாள். உள்ளே நாலைந்து பெண்கள் முக்காடும் வெறுங்காலுமாக இருந்தார்கள். அவளை யார் வேற்றாள் என்று சொல்ல முடியும்? தரை முழுக்கக் கம்பளம், வெள்ளையடித்த தூண்கள். எல்லோரும் மக்கா இருக்கிற திசையில் பக்கச் சுவரைப் பார்த்துத் தொழுதுகொண்டிருந்தார்கள். அக்கா மட்டும் பழைய பலிபீடம் இருந்திருக்கக்கூடிய கிழக்குப் பக்கம் பார்த்து, ஒரு தூணோரத்தில் முழந்தாள் போட்டாள். செபமாலை சேலைக்குள் இருந்தது. நான் கைகால் கழுவி ஒளூ செய்துவிட்டு வந்து மதியத் தொழுகையான லுஹர் தொழுதேன். முடித்துவிட்டுப் பார்த்தால் அவள் உதடு இன்னும் அசைந்துகொண்டிருந்தது. அங்கே இருந்த பெரியவர் ஒருவர் அவளைப் பார்த்தார், பிறகு தன் தஸ்பீஹ் மணிகளை உருட்டினார்.

வெளியே வந்ததும், "மாதா சுரூபத்தையே காணுமே" என்றாள்.

"இது பள்ளிவாசல் அக்கா."

மினாராவை இப்போதுதான் பார்த்தாள். "மொதல்லயே சொல்லப்பிடாதா? அம்பத்திமூணு மணியும் சொல்லி முடிச்சிட்டேனே."

"சொல்லதுக்குள்ள உள்ள போயிட்டிய."

"சரி, போவட்டும். தொடச்சு நல்லா வச்சிருக்காவ. எங்கயாவது போய்ச் சேரும்."

திரும்பி வந்தபோது காவலாளி எழுந்து நின்றான். உள்ளே போக வழியில்லை, அவன் கேட்டுப் பார்த்துவிட்டான். ஆனால் கோட்டைச் சுவர் மேலே ஏறினால் கப்பல் நிற்கிற இடம் தெரியும். கப்பலில் சொல்லியாகிவிட்டது, போய் நில்லுங்கள் என்றான். அக்காவிடம் முழுவதையும் சொன்னேன். அவள் அழவில்லை. "பாக்கலாம்லா?" என்று மட்டும் கேட்டாள்.

சுவருக்கு ஏறும் படிகளில் ஆட்டுப் புழுக்கையும் சருகுமாகக் கிடந்தது. இங்கே அவள் கழற்றவில்லை. மேலே போனதும் கைப்பிடிச் சுவரைப் பிடிக்கப் போனவள் சட்டென்று கையை எடுத்துவிட்டாள். கல் அப்படிச் சுட்டது.

கீழே கொஞ்ச தூரத்தில் கப்பல். துருப்பிடித்த சின்னக் கப்பல். கிரேன் மரக்கட்டுகளை இறக்கிக்கொண்டிருந்தது. கப்பலின் ஓரத்தில் ஏழெட்டுப் பேர் வந்து நின்றார்கள். எல்லோருக்கும் ஒரே ஆரஞ்சு உடுப்பு, ஒரே வெள்ளை ஹெல்மெட். அக்கா கையை ஆட்டினாள். அவர்கள் எல்லோரும் கையை ஆட்டினார்கள். யாருடைய அம்மாவோ வந்திருக்கிறாள் என்றதும் எல்லோருமே சேர்ந்து ஆட்டினார்கள்.

"எவன்லே எம்புள்ள?"

எனக்கென்ன தெரியும்? "ஓரத்துல நிக்கானே, அவனா?"

"அவன் ஒல்லிலா. இதுல ஒல்லியா ஒருத்தனும் இல்லியே." அவள் கண்ணைச் சுருக்கிச் சுருக்கி ஒவ்வொருவனாகப் பார்த்தாள். போனில் முகத்தை மட்டும் பார்த்தவளுக்கு அவன் உடம்பு எப்படி ஆகியிருக்கிறது என்று தெரியவில்லை. "அய்யோ, எம்புள்ளய எனக்கே தெரியலயே தம்பி" என்றாள். அவள் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதில்லை.

அப்போது அவர்களில் ஒருவன் கையை ஆட்டுவதை நிறுத்திவிட்டுக் குனிந்தான். உட்கார்ந்துவிட்டான் போல, ஆளே தெரியவில்லை. வேலைக்குப் போய்விட்டான் என்று நினைத்தேன். மறுபடியும் எழுந்தான். எழுந்தவன் கையில் அவனுடைய இரண்டு பூட்ஸும் இருந்தன. இரண்டு கையிலும் ஒவ்வொன்றாகப் பிடித்துத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினான்.

அக்காவிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா அழுகையா, எனக்குத் தெரியவில்லை. "அவந்தான். அவந்தான்லே எம்புள்ள. என்ன வாட்டசாட்டமா ஆயிட்டான், பாரு." முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தாள். அவன் பூட்ஸை இறக்கவே இல்லை. எனக்கும் கண் கலங்கிவிட்டது, வெயில் என்று சொல்லிக்கொண்டேன்.

பிறகு அவள் முகம் மாறியது. சுட்ட கையைப் பார்த்தாள், கைப்பிடிச் சுவரைப் பார்த்தாள்.

"தம்பி, அவன் நிக்கது இரும்புல்லா?"

"கப்பல்னா இரும்புதான் அக்கா."

"இந்தக் கல்லே இந்தச் சூடு சுடுது. பூட்ஸ மாட்டச் சொல்லு."

நான் இரண்டு கையையும் வாயில் குவித்துக் கத்தினேன். கிரேன் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. அக்கா தன் ஒரு காலைத் தூக்கி, அதில் கிடந்த செருப்பைத் தட்டித் தட்டிக் காட்டினாள். அவன் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டான். பூட்ஸை இன்னும் உயரமாகத் தூக்கினான். பக்கத்தில் நின்றவர்கள் கை தட்டினார்கள்.

"கால மாத்தி மாத்தி வைக்கான் பாரு. சுடுது அவனுக்கு." ஒரு நிமிஷம் நின்றாள். "வா, எறங்குவோம்."

"இப்பத்தான ஏறுனோம்? பஸ்ஸுக்கு நெறைய நேரம் இருக்கு. நல்லா பாத்துட்டு வாங்க அக்கா."

"நான் நிக்க வரைக்கும் அவன் மாட்ட மாட்டான்லே."

கையைத் தூக்கி ஒரே ஒரு முறை ஆட்டினாள். திரும்பிப் படியில் இறங்கினாள். தலை மறைவதற்கு முன்னால், என் பக்கம் மட்டும் முகத்தைத் திருப்பி, "நீ பாத்துட்டு வா. மாட்டிட்டானான்னு பாத்துட்டு வா" என்றாள்.

நான் நின்றேன். அவன் கொஞ்ச நேரம் பூட்ஸைத் தூக்கியபடியே சுவர் நெடுகத் தேடினான். பிறகு கை மெல்ல இறங்கியது. இன்னும் ஒரு தடவை பார்த்தான். பிறகு குனிந்தான்.

கீழே அக்கா கடைசிப் படியில் உட்கார்ந்து தண்ணீர் பாட்டிலைத் திறந்துகொண்டிருந்தாள்.

"மாட்டிட்டான் அக்கா."

"ரெண்டு கால்லயுமா?"

"ரெண்டு கால்லயும்."

"சரி, வா. கிழவிக்கு மாத்திரை குடுக்கணும்."